ரங்கூன் வண்டிகளில் இடது முன்சீட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழில் சென்ற ஞாயிற்றுக்கிழமை வந்த பர்மா பயணக் கட்டுரை இங்கே ஒருவர் கைபேசியிலிருந்து இன்னொருவர் கைபேசிக்குப் போய், எங்கள் தெருவில் தமிழ் படிக்கத் தெரிந்த எல்லோரும் படித்துவிட்டோம். காளி கோயில் கோபுரத்தையும் அனவ்ரதா சாலைக் கடைகளையும் நன்றாக எழுதியிருந்தார்கள். ஒரு பத்தியை மட்டும் என்னால் விட்டுவிட முடியவில்லை. ரங்கூனில் ஹாரன் சத்தமே கேட்பதில்லை, மோட்டார் சைக்கிளும் கிடையாது, ஆகவே சென்னையைவிடப் பாதுகாப்பான சாலை என்று எழுதியிருந்தார்கள்.

நகருக்குள் ஹாரன் அடிக்கக் கூடாது என்பது விதிதான். மோட்டார் சைக்கிளுக்கு 2003 முதல் ரங்கூன் நகரில் தடை என்பதும் சரிதான். ஆனால் எங்கள் சாலையின் பெரிய ஆபத்து சத்தத்தில் இல்லை. கட்டுரை எழுதியவர் எத்தனையோ டாக்ஸியில் ஏறியிருப்பார். ஓட்டுநர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார், வண்டி சாலையின் எந்தப் பக்கம் ஓடியது என்று அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருவது தமிழ்நாட்டுக்காரர்களுக்குப் பழகிய காட்சி, அதனால் கண்ணில் படாமல் போயிருக்கும். இங்கே வண்டிகள் ஓடுவதும் சாலையின் வலப்பக்கம்தான். ஸ்டியரிங்கும் வலம், சாலையும் வலம். இதன் பொருள் என்ன என்பதை இங்கே வருகிறவர்களும், இங்கேயே பிறந்து வளர்ந்த நம் ஆட்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் ரங்கூனில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஃபெரி வண்டி ஓட்டுகிறவன். அதற்கு முன் பெகு வழியாக மோல்மீன் வரை சரக்கு வண்டி ஓட்டியிருக்கிறேன். என் அப்பாவும் லாரி ஓட்டியவர். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து பர்மாவிலும் இந்தியாவைப் போலவே இடப்பக்கம்தான் வண்டி ஓடியது. 1970 டிசம்பர் 6, ஞாயிற்றுக்கிழமை, ராணுவத் தலைவர் நே வின் ஆட்சியில் அதை வலப்பக்கமாக மாற்றினார்கள். ஏன் மாற்றினார்கள் என்பதற்கு ஆளுக்கு ஒரு கதை. சோதிடர் சொன்னார் என்பார்கள், நே வின் கனவு கண்டார் என்பார்கள். காரணம் எதுவானாலும், சாலை மாறியது, வண்டி மாறவில்லை. அப்பா அதே லாரியை, அதே வலப்பக்க ஸ்டியரிங்கோடு, மறுநாளிலிருந்து எதிர்ப்பக்கம் ஓட்ட ஆரம்பித்தார்.

சுவீடனும் 1967 செப்டம்பர் 3 அன்று இடத்திலிருந்து வலத்துக்கு மாறிய நாடுதான். ஆனால் அங்கே பெரும்பாலான கார்களில் ஸ்டியரிங் முன்பே இடப்பக்கம் இருந்தது, அதனால் அந்த மாற்றம் வண்டிக்குப் பொருந்தியது. சமோவா என்ற தீவு நாடு 2009இல் வலத்திலிருந்து இடத்துக்கு மாறியது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான் பக்கமிருந்து மலிவாக வரும் வலப்பக்க ஸ்டியரிங் வண்டிகளுக்குத் தோதாகச் சாலையை மாற்றினார்கள். நாங்கள் செய்ததோ நேர் எதிர். சாலையை வலத்துக்கு மாற்றினோம், பிறகு ஜப்பானின் பழைய வண்டிகளை வாங்கிக் குவித்தோம். 2011இல் பழைய வண்டியை ஒப்படைத்துவிட்டு இறக்குமதி அனுமதி வாங்கலாம் என்று வந்த பிறகு ப்ரோபாக்ஸ், வேகன் ஆர், ஃபீல்டர், ஹையேஸ் என்று தெருவே நிரம்பியது. அத்தனையும் வலப்பக்க ஸ்டியரிங். பின்னால் அரசு விதியை மாற்றி, இடப்பக்க ஸ்டியரிங் வண்டிதான் இறக்குமதி செய்யலாம் என்றது. ரங்கூனுக்குப் பக்கத்தில் திலாவா தொழிற்பேட்டையில் தயாரித்த சுசூகி வண்டிகளில் ஸ்டியரிங் இடப்பக்கம்தான் இருக்கும். ஆனால் பழைய ஜப்பான் வண்டி ஒன்றை வாங்கி, அதை வைத்து வயிறு கழுவுகிறவன் அதை எப்போது மாற்றுவான்? இன்னும் பல வருடம் இதே வண்டிகள்தான் ஓடும். ஆகவே வண்டியைக் குறை சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் பயன் இல்லை. அதில் உட்காருகிற நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

முக்கியமான விஷயம் முந்துவது. நகருக்குள் நெரிசலில் இது அவ்வளவாகத் தெரியாது. பெகு தாண்டி, வாவ், சித்தவுங் பாலம், சைத்தோ, தட்டோன் என்று மோல்மீன் வரை போகும் இருவழிச் சாலையில் போய்ப் பாருங்கள். நடுவில் தடுப்பு இல்லை. உங்களுக்கு முன்னால் மூட்டை ஏற்றிய லாரி போகிறது. இங்கே இடப்பக்கமாகத்தான் முந்த வேண்டும். ஓட்டுநரோ வண்டியின் வலது ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவர் கண்ணுக்குத் தெரிவது லாரியின் முதுகும் சாலை ஓரத்துப் புல்லும். எதிரே என்ன வருகிறது என்று பார்க்க வேண்டுமானால் வண்டியின் முக்கால்வாசி உடம்பையும் எதிர்த்தடத்துக்குள் நீட்ட வேண்டும். பார்ப்பதற்கு முன்பே ஆபத்துக்குள் போய்விடுகிறார்.

இதற்கு நாங்கள் கண்டுபிடித்த வழி, இடது முன்சீட்டில் இருப்பவரைக் கேட்பது. பஸ்ஸிலும் சரக்கு வண்டியிலும் ஸ்பேர் என்று ஒரு பையன் இருப்பான், கண்டக்டரும் அவன்தான், கிளீனரும் அவன்தான். ஓட்டுநர் பர்மிய மொழியில் "யலா?" என்று கேட்பார், "முடியுமா" என்று அர்த்தம். அவன் தலையை வெளியே நீட்டிப் பார்த்து, "யதே, யதே", அதாவது "முடியும், முடியும்" என்று கத்துவான். ஓட்டுநர் ஆக்சிலேட்டரை மிதிப்பார். சொந்தக் காரில் ஸ்பேர் கிடையாது. அங்கே அந்த வேலை மனைவிக்கோ, மாமனாருக்கோ, பள்ளிக்கூடம் படிக்கிற மகனுக்கோ வந்து சேருகிறது. வண்டி ஓட்டவே தெரியாத ஒருவர் வாயிலிருந்து வரும் "போகலாம்" என்ற சொல்லை நம்பி ஒரு குடும்பமே எதிர்த்தடத்துக்குள் நுழைகிறது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். முன்னால் ஒரு பஸ் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. நீங்கள் 80இல் முந்துகிறீர்கள். பின்னால் விட்ட இடைவெளி, பஸ்ஸின் நீளம், முந்தியபின் திரும்ப உள்ளே வர வேண்டிய இடைவெளி எல்லாம் சேர்ந்தால் 8 நொடிக்கு மேல் ஆகும். அந்த 8 நொடியில் நீங்கள் முன்னேறும் தூரத்தையும், எதிரே 60இல் வருகிறவர் முன்னேறும் தூரத்தையும் கூட்டினால் 300 மீட்டரைத் தாண்டும். 300 மீட்டருக்கு அப்பால் சின்னதாகத் தெரிகிற ஒரு வண்டி நிற்கிறதா, வருகிறதா, என்ன வேகத்தில் வருகிறது என்று பழகிய ஓட்டுநருக்கே சட்டென்று சொல்ல முடியாது. பக்கத்தில் இருக்கும் அக்கா எப்படிச் சொல்வார்? அவர் பார்த்து, யோசித்து, சொல்லி, அது ஓட்டுநர் காதில் விழுந்து, காலுக்குப் போவதற்குள் இரண்டு நொடி ஓடிவிடும். 60 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு நொடிக்கு 16 மீட்டருக்கு மேல். எதிரெதிரே இரண்டு வண்டி என்றால் ஒவ்வொரு நொடியும் 33 மீட்டர் கரைகிறது.

இதைவிட என் மனதை அறுக்கிற விஷயம் ஒன்று உண்டு. இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்து மோதினால் பெரும்பாலும் முழு முகமும் மோதாது, நடுக்கோட்டை ஒட்டிய பாதிதான் மோதும். சாதாரணமாக எந்த நாட்டிலும் நடுக்கோட்டை ஒட்டி உட்காருகிறவர் ஓட்டுநர். முந்துவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறவர் தன் உயிரை வைத்து முடிவு செய்கிறார். எங்கள் வண்டிகளில் நடுக்கோட்டை ஒட்டி இருப்பது இடது முன்சீட்டு. முடிவு செய்கிறவர் சாலை ஓரத்துப் பக்கம் இருக்கிறார், முதல் அடி வாங்குகிறவர் பக்கத்தில் இருப்பவர். அந்தச் சீட்டில்தான் காற்று வரட்டும் என்று பாட்டியை உட்கார வைக்கிறோம். வெளியே வேடிக்கை பார்க்கட்டும் என்று குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தாயை உட்கார வைக்கிறோம். மரியாதைக்குரிய சீட்டு என்று விருந்தாளியை உட்கார வைக்கிறோம். தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர்கள் எல்லோரும் அங்கேதான் உட்காருகிறார்கள். பெல்ட் போடச் சொன்னால், "ஓட்டுகிறவருக்குத்தானே பெல்ட்" என்று சிரிக்கிறார்கள். எங்கள் நாட்டில் யாராவது ஒருவர்தான் பெல்ட் போட முடியும் என்றால் அது அந்தச் சீட்டில் இருப்பவராகத்தான் இருக்க வேண்டும். இரண்டு பேரும் போட வேண்டும், அது தனி.

ஆகவே நான் எல்லோரிடமும் சொல்வது ஒன்றுதான். இடது முன்சீட்டில் இருப்பவருக்கு "வேண்டாம்" என்று சொல்லும் உரிமை முழுக்க உண்டு, "போகலாம்" என்று சொல்லும் உரிமை கிடையாது. அவர் "வேண்டாம்" என்றால் ஓட்டுநர் ஏன் என்று கேட்கக் கூடாது, பின்வாங்க வேண்டும். அவர் "போகலாம்" என்றால் அது காதில் விழாத மாதிரி இருந்துவிட வேண்டும். சொந்தக் கண்ணால் பார்த்தால் மட்டுமே முந்துவது. என் வண்டியில் இதுதான் சட்டம். என் தம்பி மகன் ஓட்டக் கற்றுக்கொண்டபோது முதலில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான், கியர் எல்லாம் அப்புறம்.

சொந்தக் கண்ணால் பார்க்க வழி இல்லையா என்றால், இருக்கிறது. பின்தங்க வேண்டும். முன்னால் போகும் லாரியின் வாலை ஒட்டிப் போகிறவருக்கு ஒன்றுமே தெரியாது. நன்றாக இடைவெளி விட்டால் லாரி கண்ணுக்குச் சிறுத்துப் போகும், அதன் இரண்டு பக்கமும் சாலை திறக்கும். சாலை வலப்பக்கம் வளையும் இடத்தில், வலது ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநருக்கு லாரியின் வலப்பக்கமாகவே தூரத்துச் சாலை தெரியும். இடப்பக்கம் வளையும் இடத்தில் ஒன்றும் தெரியாது, அங்கே முந்துகிற நினைப்பே வரக் கூடாது. இடைவெளி விட்டால் யாராவது நடுவில் புகுந்துவிடுவார்கள் என்பார்கள். புகுந்தால் புகட்டும். மறுபடியும் கொஞ்சம் பின்தங்கினால் போயிற்று. மோல்மீனுக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போனால் யாரும் எதையும் இழந்துவிட மாட்டார்கள்.

ஐம்பது வருடமாக இப்படித்தானே ஓட்டுகிறோம், எங்களுக்குப் பழகிவிட்டது என்று எங்கள் டீக்கடையில் சொல்பவர்கள் உண்டு. பழக்கம் கைக்கு வரும், காலுக்கு வரும். லாரிக்குப் பின்னால் மறைந்திருப்பதைப் பார்க்கும் சக்தி எத்தனை வருடம் பழகினாலும் கண்ணுக்கு வராது. ஒரு நன்மையையும் சொல்லத்தான் வேண்டும். வலது ஓரத்தில் உட்காருவதால் சாலை ஓரம், சாக்கடை, சைக்கா என்கிற சைக்கிள் ரிக்ஷாக்காரர், நடந்து போகிறவர் எல்லாம் ஓட்டுநர் கண்ணுக்கு அருகில் இருக்கிறார்கள். பிள்ளைகளை இறக்க நடைபாதையை ஒட்டி நிறுத்துவது எனக்குச் சுலபமாக இருப்பது அதனால்தான். அதே ஓட்டுநர் சிக்னலில் வெற்றிலை துப்பக் கதவைத் திறப்பதும் அந்தப் பக்கம்தான் என்பதை மறக்கக் கூடாது. அங்கே யாராவது நடந்து வந்துகொண்டிருப்பார்கள்.

அடுத்தது கதவு. ஃபெரி ஓட்டுகிறவன் என்பதால் இதை நான் தினமும் பார்க்கிறேன். ஜப்பானில் இடப்பக்கம் ஓடும் வண்டிக்கு நடைபாதை இடப்பக்கம். அதனால் ஹையேஸ் போன்ற வேன்களில் பெரும்பாலும் தள்ளுகதவு இடப்பக்கம் மட்டும்தான் இருக்கும். அந்த வண்டி இங்கே வந்தால் அந்தக் கதவு நடுச்சாலையைப் பார்த்துத் திறக்கிறது. பிள்ளை புத்தகப்பையோடு குதித்து இறங்குவது, பின்னால் வண்டிகள் வரும் தடத்தில். பழைய பஸ்களிலும் இதே கதை இருந்தது. வலப்பக்கம் தகரத்தை வெட்டிப் புதிதாகக் கதவு வைத்து ஓட்டினார்கள், வெட்டாதவற்றில் பயணிகள் சாலை நடுவில் இறங்கினார்கள். 2017இல் ஒய்.பி.எஸ் என்ற புதிய பஸ் ஏற்பாடு வந்த பிறகு நகர பஸ்களில் நிலைமை எவ்வளவோ மேல். பள்ளி ஃபெரிகளைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

பிள்ளைகளை ஃபெரிக்கு அனுப்பும் பெற்றோர் மாதக் கட்டணம் எவ்வளவு, ஏசி உண்டா, எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்கிறார்கள். கதவு எந்தப் பக்கம் என்று யாரும் கேட்பதில்லை. தயவுசெய்து கேளுங்கள். இரண்டு பக்கமும் தள்ளுகதவு உள்ள வண்டிகள் இருக்கின்றன, இடப்பக்கக் கதவைப் பூட்டிவிட்டு வலப்பக்கம் மட்டும் திறக்கலாம். பின்பக்கம் படி வைத்த பழைய லைட் டிரக் ஃபெரியை இப்போது யாரும் மதிப்பதில்லை, ஆனால் ஏறி இறங்கும் விஷயத்தில் அது இடப்பக்கக் கதவு வேனைவிட நல்லது. இடப்பக்கக் கதவு மட்டும்தான் உண்டு என்றால், கூட ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். அவர் முதலில் இறங்கி, பின்னால் வரும் வண்டிகளைப் பார்த்து நின்று, பிள்ளையைக் கையைப் பிடித்து வண்டிக்குப் பின்பக்கமாக நடைபாதைக்குக் கொண்டு போய்விட வேண்டும். முன்பக்கமாகக் கூட்டிப் போனால் பின்னால் வரும் வண்டிகளுக்கு முதுகைக் காட்டி நடக்க வேண்டியிருக்கும். ஓட்டுநரே இறங்கி வந்து செய்கிறேன் என்றால் அதற்குள் பிள்ளை குதித்துவிடும். அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்கக் கட்டணம் கொஞ்சம் கூடும், கொடுக்கத்தான் வேண்டும்.

இரவு ஓட்டத்தில் இன்னொன்று இருக்கிறது. இது ஓட்டுநர்கள் பலபேருக்கே தெரியாது. ஜப்பான் ஹெட்லைட்டை டிம்மில் வைத்தாலும் அதன் ஒளி இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் இருக்காது. இடது ஓரத்தில் நடப்பவர் தெரிய வேண்டும் என்று இடப்பக்கம் ஒளி மேலே ஏறும்படி கண்ணாடியைச் செய்திருப்பார்கள். இங்கே இடப்பக்கம் இருப்பது எதிரே வருகிறவரின் முகம். நாம் மரியாதையாக டிம் போட்டோம் என்று நினைக்கிறோம், அவர் கண் கூசித் தடுமாறுகிறார். நம் வலது ஓரத்தில் சைக்கிளில் போகிறவரோ இருட்டில் இருக்கிறார். இதற்கு மேல் வெள்ளை எல்இடி பல்பு வேறு வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள். நல்ல வயரிங் கடைக்காரரிடம் போய் வெளிச்சத்தைச் சுவரில் அடித்துப் பார்த்து, கொஞ்சம் கீழே இறக்கி வைக்கச் சொல்லுங்கள். முழுதாகச் சரியாகாது, எதிரே வருகிறவர் கண்ணுக்காவது இரக்கம் காட்டியதாக இருக்கும். லேண்ட்குரூசர், பஜேரோ மாதிரி வண்டிகளில் இடது முன்மூலையில் முளைத்து நிற்கும் சின்னக் கண்ணாடியும் இப்படித்தான். ஜப்பானில் நடைபாதை ஓரத்தைக் காட்ட வைத்தது, இங்கே நடுக்கோட்டைக் காட்டிக்கொண்டிருக்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சாலையைக் கடக்கும்போது ஊர்ப் பழக்கத்தில் முதலில் வலப்பக்கம் பார்க்கிறீர்கள். இங்கே நடைபாதையிலிருந்து காலை வைத்ததும் வண்டி வருவது இடப்பக்கமிருந்து. ஹாரன் அடிக்காத ஊர் என்று கட்டுரையில் பாராட்டினீர்களே, அதனால் எச்சரிக்கைச் சத்தமும் வராது. டாக்ஸியில் பின்சீட்டில் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தால் நகர்ந்து வந்து வலப்பக்கக் கதவு வழியாகவே இறங்குங்கள். மணிப்பூர் எல்லையில் மோரேயில் இருக்கும் நம் சனங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, அவர்கள் எல்லை தாண்டி பர்மாவின் தமு ஊருக்குள் காலை வைத்தாலே சாலை பக்கம் மாறிவிடும் என்று சின்ன வயதிலேயே தெரிந்தவர்கள்.

கடைசியாக, எங்கள் ஊர்க் கோயில் நிர்வாகிகளும் இந்த நாளிதழைப் பார்க்கிறார்கள் என்பதால் இதையும் சேர்த்து எழுதுகிறேன். பீலிக்கான் கோயில் திருவிழாவுக்குச் சிரியம் ஆற்றுப் பாலம் தாண்டிப் போகும் நாட்களில் பிக்கப்பில் கூரை மேலெல்லாம் ஆள் ஏற்றுகிறார்கள். ஒரு வண்டி இன்னொரு வண்டியை முந்த, உள்ளே இருப்பவர்கள் கைதட்டி உற்சாகப்படுத்துகிறார்கள். வண்டி பேசும்போதே ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள்: பாலம் தாண்டியபின் போகும்போதும் வரும்போதும் முந்தக் கூடாது, கூரையில் ஆள் கூடாது, இடது முன்சீட்டில் பிள்ளை கூடாது. அந்தச் சீட்டில் வண்டி ஓட்டத் தெரிந்த, குடிக்காத, "வேண்டாம்" என்று சத்தமாகச் சொல்லக்கூடிய ஒரு பெரியவரை உட்கார வையுங்கள். இதற்கு ஒத்துக்கொள்ளாத ஓட்டுநரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேறு வண்டி பாருங்கள். ரங்கூனில் வண்டிக்குப் பஞ்சம் இல்லை.

இப்படிக்கு,
பள்ளி ஃபெரி ஓட்டுநர் ஒருவர்,
தாம்வே, ரங்கூன்.